தூக்க மாத்திரையும் தோட்டத்து வயோதிகரும்



நான் டாக்டர் அல்ல. மருந்துக் கடைக்காரனும் அல்ல. நெகிரி செம்பிலானில் ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் இடைப்பட்ட தோட்டப் பகுதியில் மளிகைக் கடை வைத்திருப்பவன். மத்ரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே என் படிப்பு. அப்படிப்பட்டவன் மருந்தைப் பற்றிப் பாடம் எழுத ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. என் கையால் நான் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு ஒரு மூதாட்டி கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். அதற்குப் பிறகுதான் விசாரித்துப் படித்தேன். படித்ததை மறைத்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை. நம்மில் பலர் இதே காரியத்தை நல்லெண்ணத்தோடு இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடைக்கு நித்தம் காலையில் வெற்றிலை வாங்க வரும் பாட்டி ஒருவர். வயது எண்பதை நெருங்கியவர். நாற்பது வருஷம் பால் மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் லயத்தை விட்டுப் போகாதவர். மகன் கோலாலம்பூரில் வேலை. ஒரு நாள், “பாய், ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கே கண்ணு முழிச்சிக்குது. அப்புறம் விடியிற வரைக்கும் கூரையைப் பாத்துக்கிட்டுக் கெடக்கிறேன். ஏதாச்சும் மாத்திரை இருந்தா குடு” என்றார். என் தாயார் மவுத்தாவதற்கு முன் அவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் இரண்டு அட்டைகள் கல்லாப் பெட்டிக்குள் கிடந்தன. டயஸிப்பம், 5 மில்லிகிராம். பழைய பேப்பரில் மடித்துப் பத்து மாத்திரை கொடுத்தேன். காசு வாங்கவில்லை. தர்மம் செய்தவன் போல மனம் குளிர்ந்தது.

மூன்று நாள் வரை பாட்டிக்கு ஒரே சந்தோஷம். “நல்லாத் தூங்கினேன் பாய், ஒன் புள்ளைங்க நல்லா இருக்கணும்” என்று வாழ்த்தினார். ஒரு வாரம் கழித்துச் சில்லறையைத் தப்பாக எண்ணினார். பேச்சு இழுத்தது. கடைப் படி ஏறும்போது கதவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என்ன பாட்டி, காலங்காத்தாலேயே கள்ளுக் கடைப் பக்கம் போயிட்டு வந்தீங்களா?” என்று கேலி செய்தேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார். மாத்திரை தீர்ந்ததும் இன்னும் ஐந்து கொடுத்தேன். பதின்மூன்றாம் நாள் இரவு மூன்று மணி வாக்கில் ஒண்ணுக்குப் போக எழுந்தவர், அடுப்படியிலிருந்து பின்புறக் குளியலறைக்கு இறங்கும் ஒற்றைப் படியில் சாய்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் விடிந்துதான் கண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். “அம்மா என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்?” என்று டாக்டர் கேட்டார். “பிரஷர் மாத்திரை மட்டும்தான்” என்றார் மகன். பாட்டி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தனை வலியிலும் என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மாத்திரையின் மிச்ச அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. போலீஸ், லைசென்ஸ், ஊர்ப் பேச்சு எல்லாம் ஒரு நிமிஷத்தில் மனத்தில் ஓடின. அட்டையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது மார்பின் வகை வலி மருந்தும் அறுவைக்கான மயக்க மருந்தும் சேர்ந்தால் மூச்சு தளர்ந்துவிடக்கூடும், முன்னாலேயே தெரிந்தது நல்லதாயிற்று என்றார். மகன் அன்று என்னோடு பேசவில்லை. பல மாதம் வரை பேசவில்லை.

என் மகள் பார்மஸிப் படிப்புப் படிக்கிறாள். அவளை உட்கார வைத்து, இந்த மாத்திரை என்ன, ஏன் விழவைக்கிறது என்று கேட்டேன். அவள் ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து சொன்னதை வியாபாரி பாஷையில் இங்கே எழுதுகிறேன்.

மூளைக்குள் வேகத்தைக் குறைக்கும் சரக்கு ஒன்று இயற்கையாகவே உண்டு. காபா என்று பெயர். லாரிக்குப் பிரேக் மாதிரி. டயஸிப்பம், லோரஸிப்பம், மிடஸோலம் போன்ற மாத்திரைகள் அந்தப் பிரேக்கை இன்னும் பலமாக அழுத்த உதவுகின்றன. மனம் அடங்கித் தூக்கம் வருவது அதனால்தான். ஆனால் தூக்கத்தை மட்டும் தனியே பிரித்து அழுத்த அதற்குத் தெரியாது. மனிதன் இரண்டு காலில் நிற்பது சும்மா நடக்கும் காரியமல்ல. கண் ஒரு செய்தி சொல்கிறது, காதின் உட்பகுதி ஒரு செய்தி சொல்கிறது, பாதத்திலும் மூட்டிலும் உள்ள நரம்பு ஒரு செய்தி சொல்கிறது. மூன்றையும் ஒத்துப் பார்த்து, கால் இடறினால் அந்தக் கணமே மறுகாலை எடுத்து வைக்கச் செய்வது மூளை. பிரேக் பிடித்த மூளை அந்த உத்தரவைத் தாமதமாகப் போடுகிறது. வாலிபன் இடறினால் தாமதமானாலும் சமாளிப்பான். கண்ணில் புரையும், காலில் சர்க்கரை மரமரப்பும், தொடையில் சதை வற்றலும் உள்ள வயோதிகர் சமாளிக்க மாட்டார்.

இனி முக்கியமான விஷயம். நமக்கு நன்றாக விளங்கக்கூடியது, ஏனென்றால் இது கிடங்குக் கணக்கு.

ராத்திரி சாப்பிட்ட மாத்திரை காலையில் தீர்ந்துவிடும் என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. உடம்பு ஒரு மருந்தில் பாதியை வெளியேற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வைத்தியர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். டயஸிப்பத்தைப் பற்றி 1975-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இருபது வயதுக்காரருக்கு அந்த நேரம் சுமார் 20 மணி, எண்பது வயதுக்காரருக்குச் சுமார் 90 மணி என்று கண்டது. வயது ஏற ஏற ஈரல் மெதுவாகிறது. சதை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. இந்த மருந்து கொழுப்பில் போய்ப் பதுங்கும் ஜாதி.

கிடங்குக்குத் தினம் ஒரு மூட்டை வருகிறது, விற்பனை மந்தம் என்று வையுங்கள். இருபது வயதுக்காரர் தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டால், எத்தனை நாள் சாப்பிட்டாலும் உடம்பில் நிற்கும் சரக்கு இரண்டு மாத்திரைக்குக் குறைவாகவே இருக்கும். வந்ததும் போனதும் சரிக்கட்டிவிடும். எண்பது வயதுக்காரருக்கு அப்படியல்ல. முதல் நாள் ஒன்று. நாலாம் நாள் மூன்றுக்குச் சற்று மேல். ஒரு வாரத்தில் நாலேகால். மூன்று வாரத்தில் ஏறக்குறைய ஆறு. அவர் சாப்பிட்டது தினம் ஒன்றுதான். உடம்பு சுமப்பது ஆறு. இது போதாதென்று ஈரல் இந்த மருந்தை உடைக்கும்போது பிறக்கும் சரக்கும் தூக்கம் தரும் வகையே, அதுவும் நாள்கணக்கில் தங்கும். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பதின்மூன்றாம் நாளுக்குப் பேரேட்டில் போட்டுப் பார்த்தேன். ஐந்து மாத்திரைக்கு மேல் வந்தது. பாட்டி சில்லறையைத் தப்பாக எண்ணியதும் பேச்சு இழுத்ததும் எதனால் என்று அப்போது விளங்கியது. நான் கள்ளு என்று கேலி செய்தேன். என் சரக்குதான் அவருக்குள் இருந்தது.

இந்த மருந்துகள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். தூக்கத்துக்கு என்று ஆலையில் செய்த மருந்துகளில் ஒன்று 1903-ல் வெரோனல் என்ற பெயரில் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1912-ல் லுமினல். இரண்டும் பார்பிட்டுரேட் வகை. கொஞ்சம் கூடினால் மூச்சே நின்றுவிடும்; உலகமெங்கும் ஏராளமானோர் அதனால் மாண்டார்கள். அதனால்தான் 1960-ல் லிப்ரியமும் 1963-ல் வேலியமும் வந்தபோது வைத்திய உலகம் ஆபத்தில்லாத மருந்து கிடைத்தது என்று கொண்டாடியது. டயஸிப்பம் என்று நான் சொல்வது அந்த வேலியமே. மூச்சை நிறுத்தும் விஷயத்தில் பழைய மருந்தைவிட இது மேல்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் விழுதல் என்ற கணக்கை அந்த நாளில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. வயதானவர் விழுந்தால் வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாமும் இன்றுவரை அப்படித்தானே சொல்கிறோம்?

கணக்குப் போட்டவர்கள் 1980-களில் வந்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இடுப்பெலும்பு முறிந்த 1,021 வயோதிகரையும், முறியாத ஐயாயிரத்துச் சொச்சம் பேரையும் வைத்து ஒப்பிட்டு 1987-ல் ஒரு கட்டுரை வந்தது. உடம்பில் நெடுநேரம் தங்கும் தூக்க மருந்து சாப்பிடுவோருக்கு எலும்பு முறியும் அபாயம் சாப்பிடாதவரைப் போல் 1.8 மடங்கு. மறுவருஷம் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டினெட்டி என்ற டாக்டரம்மாவும் அவர் கூட்டாளிகளும் 75 வயதுக்கு மேற்பட்ட 336 பேரை ஒரு வருஷம் கவனித்ததை வெளியிட்டார்கள். 108 பேர் விழுந்தார்கள். விழுவதற்கான காரணங்களில் தூக்க மருந்துதான் எல்லாவற்றிலும் பலமாக நின்றது. நம் நாட்டிலும் 2018-ல் சுகாதார அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் முந்திய ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது விழுந்தவர்கள் என்று தெரிந்தது. உங்கள் பற்றுப் புத்தகத்தில் எத்தனை வயோதிகர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஏழு பேருக்கு ஒருவர்.

அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற டாக்டர் வயோதிகருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு 1991-ல் ஒரு ஜாபிதா செய்தார். அவர் பெயராலேயே வழங்கும் அந்த ஜாபிதாவை அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். 2023-ல் புதுப்பித்ததிலும் டயஸிப்பம் வகை முழுவதும், ஸோல்பிடெம் வகையும் தவிர்க்க வேண்டியவை என்றே நிற்கின்றன.

ஸோல்பிடெம் பிற்காலத்து மருந்து. ஸ்டில்நாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். இது உடம்பில் நெடுநேரம் தங்காது, இரண்டு மூன்று மணியில் பாதி போய்விடும். அதனால் விழவைக்காது என்று எண்ணினார்கள். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனை 2010-ம் வருஷத்துத் தன் சொந்த நோயாளிகளின் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களில் இந்த மாத்திரை சாப்பிட்டோர் நூற்றுக்கு மூன்று பேர் விழுந்தார்கள். சாப்பிடாதோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நாள்கணக்கில் தங்காவிட்டாலும், நடுராத்திரியில் எழுந்து நிற்கும் நேரத்தில் மருந்து உச்சத்தில் இருக்கிறது. பெண்கள் உடம்பிலிருந்து இது மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று கண்டு, 2013-ல் அமெரிக்க அரசாங்கம் பெண்களுக்கு உரிய அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. 2019-ல், தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, கார் ஓட்டுவது போன்ற விபரீதங்களுக்காக அதன் மருந்துக் குறிப்பில் கடுமையான எச்சரிக்கை போடச் செய்தது.

அடுத்தது நம் கடைகளோடு நேரே சம்பந்தப்பட்டது. தூக்க மாத்திரை கிடைக்காதபோது சளி மாத்திரை கேட்பார்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் முதலியவை தூக்கம் வரவைக்கும் என்பது ஜனங்களுக்குத் தெரியும். இருமல் தண்ணீர் சிலவற்றிலும் உண்டு. இவையும் அந்த ஜாபிதாவில் இருக்கின்றன. வயோதிகருக்கு வாய் உலர்ந்து, மூத்திரம் அடைத்து, மூளை குழம்பும். மூட்டு வலிக்கு என்று விற்கும் சில ஜாமுகளிலும் ஸ்டீராய்டோடு இந்தச் சளி மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை அரசாங்கம் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. மால் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தை விற்பனைக்கு வைக்காதீர்கள் என்று நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எத்தனை கடையில் தொங்குகிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எரிமின் 5 என்ற மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் செய்த ஜப்பானியக் கம்பெனி 2015-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று யாராவது அந்தப் பெயரைச் சொல்லி நீட்டினால் அதில் என்ன இருக்கிறது என்பது செய்தவனுக்கே வெளிச்சம்.

சட்டம் தெரியாது என்று நாம் சொல்ல முடியாது. 1952-ம் வருஷத்து விஷப் பொருள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ‘உபாட் தெர்காவால்’ என்று ஒட்டிய எதையும் டாக்டரும் லைசென்ஸ் உள்ள பார்மஸிக்காரரும் தவிர மற்றவர் கொடுக்கக் கூடாது. டயஸிப்பம் போன்றவற்றுக்கு இன்னும் இறுக்கமான விதிகள். காசு வாங்காமல் இனாமாகக் கொடுத்தேன் என்பது சமாதானமாகாது. நான் அன்று இதை யோசிக்கவே இல்லை.

ஏன் யோசிக்கவில்லை என்று பிறகு யோசித்தேன். என் அத்தா காலத்தில் பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது. டிரெஸர் இருந்தார். 1965-ல் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே போட்டார்கள். அவர் மாத்திரையை எண்ணிக் கொடுப்பார். சில பேரைத் தம் கண் முன்னாலேயே விழுங்கச் சொல்வார். தோட்டங்கள் கை மாறி, ஜனங்கள் பட்டணம் போய், அந்த ஆஸ்பத்திரிகளும் ஒவ்வொன்றாய்ப் போயின. வயோதிகர் மட்டும் மிச்சமாக நின்றார்கள். கிளினிக்குக்குப் போக பஸ் காசும் அரை நாளும் வேண்டும். கடைக்கு வர ஐந்து நிமிஷம். இப்படித்தான் கடைக்காரன் டிரெஸர் ஆனான், டிரெஸருக்குத் தெரிந்தது ஒன்றும் தெரியாமலே.

தூக்கம் வரவில்லை என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு நிஜம்? இதை நானாகவே கணக்குப் பார்த்தேன், மகளும் சரி என்றாள். நாற்பது வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போன உடம்பு அது. இப்போது வேலை இல்லை. பேச ஆள் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறார்கள். மதியம் வேறு ஒரு மணி நேரம் கண் அசருகிறார்கள். எட்டு மணிக்குப் படுத்தவர் இரண்டரைக்கு விழித்தால் ஆறரை மணி நேரம் தூங்கியாயிற்று. மதியத் தூக்கத்தையும் கூட்டினால் ஏழரை. வயதான உடம்புக்கு அது போதும். அவர்களுக்குத் தூக்கக் குறைவு இல்லை. ராத்திரிதான் நீளமாக இருக்கிறது. அந்த நீளத்துக்கு மாத்திரை மருந்தாகாது.

அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல், நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, படுக்கைப் பழக்கத்தைத் திருத்தும் பயிற்சிதான் என்று அறிவித்தது. தூக்கம் வரும்போதுதான் படுக்கைக்குப் போவது, எந்த நாளும் ஒரே நேரத்தில் எழுவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, படுத்துத் தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து உட்காருவது, இவைதான் அந்தப் பயிற்சியின் சாரம். சாயங்காலம் அஸருக்குப் பிறகு கோப்பி ஓ வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்பியின் வீரியம் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கோப்பி விற்கும் நானே இதைச் சொல்கிறேன். சில பேருக்கு வலி, மூச்சுத் திணறல், மனக் கவலை இவற்றால் நிஜமாகவே தூக்கம் கெடும். அவர்களை டாக்டர் பார்க்க வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுத் தூக்கத்தை மட்டும் அமுக்கினால் நோய் உள்ளே வளரும்.

வீட்டில் ஏற்கெனவே பல மாதமாக, வருஷமாகத் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்று இரவே அட்டையைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அது விழுவதைவிடப் பெரிய ஆபத்து. பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பே வரும். டாக்டர் சொல்லும் அளவில், வாரக்கணக்கில், கால் பங்கு கால் பங்காகக் குறைக்க வேண்டும். குறைத்தால் பலன் உண்டா? நியூஸிலாந்தில் டனீடின் ஊரில் 93 வயோதிகரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 1999-ல் வந்தது. இப்படிப்பட்ட மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தியவர்கள் விழுவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஆனால் ஆராய்ச்சி முடிந்த ஒரே மாதத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டார்கள். அவ்வளவு பிடி அதற்கு. கனடாவில் 2014-ல் வெளியான இன்னொன்று எனக்கு அதிகம் பிடித்தது. பார்மஸிகள் மூலமாக வயோதிகருக்கு ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மாத்திரையின் கெடுதி என்ன, எப்படிக் குறைப்பது, டாக்டரிடம் என்ன கேட்பது என்று எளிய பாஷையில் எழுதிய புத்தகம். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 27 பேர் நிறுத்திவிட்டார்கள். புத்தகம் கிடைக்காதவர்களில் 5 பேர்தான். நம் சங்கத்தார் இதைக் கவனிக்க வேண்டும்.

குறைக்கும் வரையிலும் வீட்டைக் கவனிக்கலாம். லயத்து வீடுகளின் அமைப்பு நமக்குத் தெரியும். முன் அறை, படுக்கை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் ஒரு படி இறங்கிக் குளியலறை. சிமெண்டுத் தரை எப்போதும் ஈரம். விளக்குச் சுவிட்சு எட்டாத இடத்தில். படுக்கையிலிருந்து அங்கே போகும் வழி முழுவதும் ராத்திரி சிறு விளக்கு எரியட்டும். தேய்ந்த சிலிப்பரும் சுருளும் பாயும் வேண்டாம். படி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி இரும்பு அடியுங்கள். இரவில் எழுகிறவர் முதலில் கட்டிலில் ஒரு நிமிஷமாவது உட்கார வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் சடக்கென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். நீர் இறங்கும் மாத்திரையைச் சாயங்காலம் சாப்பிடுகிறவர், காலையில் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். பாதி ராத்திரி எழுவது குறையும். கள்ளோ சம்சுவோ குடித்துவிட்டுத் தூக்க மாத்திரை சாப்பிடுவது பிராணனோடு விளையாடுவது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறொரு நேரமும் உண்டு. ஸுபுஹுக்கும், நோன்பு மாதத்தில் ஸஹருக்கும் இருட்டில் எழுந்து ஒளுச் செய்யப் போகிறார்கள். கால் கழுவ ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நேரம் ராத்திரி மாத்திரையின் வேகம் தணியாத நேரம். குழாயடியில் ஒரு முக்காலியைப் போடுங்கள், உட்கார்ந்து கழுவட்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அத்தாவிடம் அதைச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம்.

ஆஸ்பத்திரியில் இருப்பவர் விஷயமும் இதுவே. அங்கே புது இடம், உயரமான கட்டில், ஊசி மருந்துக் குழாய். தூக்கம் வரவில்லை என்று கேட்டுச் சில சமயம் மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். நோயாளி விழுவதைக் குறைப்பது, 2013-ல் நம் சுகாதார அமைச்சு வகுத்த பதின்மூன்று பாதுகாப்பு இலக்குகளில் ஒன்று என்றால் எவ்வளவு பேர் விழுந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நோய் விசாரிக்கப் போகும்போது பழக் கூடையோடு ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்தும் சளி மாத்திரையும் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் மிஸ்ஸியிடம் காட்டுங்கள். மணியை அழுத்தி ஆளைக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு அல்ல என்று நோயாளிக்குச் சொல்லுங்கள். நம் பெரியவர்கள் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று தாமே இறங்கப் பார்ப்பார்கள். கட்டில் கம்பியைத் தாண்டி இறங்குவது சும்மா விழுவதைவிட மோசம்.

பாட்டிக்கு ஆபரேஷன் செய்து இரும்பு வைத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்த வயோதிகரில் ஐந்தில் ஒருவர் அளவில் ஒரு வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று மகள் சொன்ன நாளிலிருந்து நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அல்லாஹ்வின் கிருபையால் வருஷம் கடந்தது. இப்போது கோலாலம்பூரில் மகன் வீட்டில், மாடியில், நாலு கால் கம்பைப் பிடித்து நடக்கிறார். தோட்டத்துக்குத் திரும்பவில்லை. சென்ற பெருநாளுக்குப் பார்க்கப் போயிருந்தேன். மகன்தான் கதவைத் திறந்து, உள்ளே வாங்க பாய் என்றார். “இப்பவும் முழிப்பு வருது பாய். ஆனா இங்க எல்லாரும் பத்து மணிக்குத்தான் படுக்கிறாங்க. நானும் அப்பத்தான் படுக்கிறேன். முழிச்சா நாலரை ஆயிருது” என்றார் பாட்டி. வெற்றிலை கொண்டு போயிருந்தேன். வாங்கிக்கொண்டார்.

என் கல்லாப் பெட்டியில் கிடந்த மிச்ச மாத்திரைகளை சிரம்பான் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் கொடுத்துவிட்டேன். வேண்டாத மருந்துகளை அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கிளினிக்கிலும் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள், ஒன்றும் கேட்பதில்லை. சாப்பிடும் மருந்தையெல்லாம் காட்டி, எது எதோடு சேராது என்றும் அங்கேயே கேட்கலாம். மாதம் ஒரு நாள் சாமான் எடுக்க சிரம்பான் போகும்போது வேனில் இடம் இருக்கும். தோட்டத்துப் பெரியவர்கள் நாலைந்து பேர் மருந்துப் பைகளோடு ஏறிக்கொள்கிறார்கள். போகும்போது வேன் காலிதான். திரும்பும்போது அரிசி மூட்டை இருப்பதால் ஒருவர் இருவருக்குத்தான் இடம், மற்றவர்களை பஸ் ஏற்றிவிடுகிறேன்.